பதினோரு வருஷ யோசனையும் பத்து லிட்டர் கிரைண்டரும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் எட்டு மாதமாக ஒரு பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் கோவை கணபதியில், தயாரிக்கிறவர்களிடமே நேராகப் போய் வாங்கியது. விலை 34,500 ரூபாய். உடுமலை வரை கொண்டுவந்து இறக்கிய வண்டி வாடகை 1,800 தனி. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதுவும் போக, நான் ஏறி இறங்கிய நாலு பட்டறையிலும் மெஷின் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தது. அடியில் கல் பதித்த எவர்சில்வர் டிரம், மேலே குழவி, கீழே ஒரு ஹெச்பி மோட்டார், பெல்ட், மாவு அரைத்ததும் டிரம்மைச் சாய்த்து ஊற்ற ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

இந்த அளவு கிரைண்டரைப் பற்றித் தேடிப் படிக்கிறவர் யாராக இருக்கும்? மாவு வியாபாரம் ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்தான். வீட்டுக்கு இட்லி சுட யாரும் இதை வாங்க மாட்டார்கள். அதனால் மெஷின் எப்படி அரைக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் தப்பினால் நல்ல கிரைண்டர்கூடத் துணி காயப்போடத்தான் உதவும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் அப்படி ஒன்று நிற்கிறது, மூடியைக்கூடத் திறக்காமல்.

நான் 2013-லிருந்து மாவு வியாபாரம் "ஆரம்பிக்கப் போகிறேன்". அப்போது பையன் வயிற்றில் இருந்தான், ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டிருந்தேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தேன். அதை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கடைப் பெயர் மட்டும் பதினேழு எழுதியிருக்கிறேன். பாக்கெட்டுக்கு வாழையிலைப் பச்சையா மஞ்சளா என்று ஒரு பக்கம். மாதம் ஆயிரம் கிலோ விற்றால் என்ன லாபம், ஐயாயிரம் கிலோ விற்றால் என்ன லாபம் என்று இரண்டு பக்கம். அந்த நோட்டை எழுதிய காலத்தில் விற்பதற்கென்று ஒரு கிலோ அரைத்ததில்லை.

சும்மாவும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி இரண்டு நாள் உணவு பதப்படுத்தும் பயிற்சிக்குப் போனேன். நல்ல பயிற்சிதான், சான்றிதழ் கொடுத்தார்கள், அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்த் திட்டங்களின் துண்டறிக்கைகளை வாங்கி வந்து அதே நோட்டில் ஒட்டினேன். 2005-இல் பெங்களூரில் சின்ன இடத்தில் சொந்தக்காரர்கள் சேர்ந்து மாவு அரைத்து ஆரம்பித்த ஐடி ஃபிரெஷ் இன்றைக்கு எவ்வளவு பெரிய கம்பெனி என்ற கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். சொல்லும்போது எனக்கே ஏதோ பாதி வேலை முடித்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புதான் என் எதிரி என்று இப்போது தோன்றுகிறது. பயிற்சிக்குப் போனதும், பேர் தேடியதும், கதை சொன்னதும் எல்லாம் வேலை செய்த திருப்தியைக் கொடுத்துவிடும். அடுத்த ஆறு மாதம் மனசு கேள்வி கேட்காது.

கடைசியில் அசைத்தது தொண்ணூறு ரூபாய். 2024 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை காலையில ஊர்ல இருந்து ஆள் வர்றாங்க. உன் மாவு ரெண்டு கிலோ குடுக்கிறயா? கடை மாவு புளிக்குது" என்றார். சும்மா தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. கடையில் கிலோ நாற்பத்தைந்து என்று சொல்லி, தொண்ணூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பணத்தை வாங்கிவிட்டேன், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி என்று நேரமும் சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை அரிசியை ஊறப்போடாமல் இருக்க முடியுமா? அன்றைக்கு நோட்டை எடுக்கவே இல்லை.

எம்பிஏ படிக்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார், 1999-இல் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம் என்றான். ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைப்பது வேறு. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடித்து வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்கிறவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்களாம். இருக்கலாம். எனக்கு எதிர்வீட்டு அக்கா தொண்ணூறு ரூபாயும் கொடுத்து அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் தங்கை, அப்புறம் பால்காரர் வீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வீட்டிலிருந்த இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரில்தான் எல்லாம். பதினான்கு வீடு ஆனபோது அது காலையில் மூன்று ஈடு, மதியம் இரண்டு ஈடு என்று ஓடியது. நாற்பதாவது நாள் கருகின வாசனை வந்தது. மோட்டார் போய்விட்டது. அது வீட்டுக்கென்று செய்த மெஷின், அதைத் திட்ட எனக்கு உரிமையில்லை. மாமியாரும் நானும் அன்றைக்கு ஆட்டுக்கல்லில் மாறி மாறி ஆட்டி ஒப்பேற்றினோம். மறுநாள் காலை பஸ் பிடித்தேன், பொள்ளாச்சி வழியாக உக்கடம், அங்கிருந்து காந்திபுரம், கணபதி.

சரி, வாங்கிய அனுபவம். பட்டறையில் மரியாதையாகப் பேசினார்கள். ஐந்து லிட்டர் போதுமா என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போகுது?" என்று திருப்பிக் கேட்டார் அங்கே இருந்த பெரியவர். பதினெட்டு கிலோ என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். எனக்கு முன்னால் வந்த தம்பி ஒருவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவர் இருபது லிட்டர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் எனக்குப் பத்து லிட்டர் சொன்னார், அதற்கு மேல் வேண்டாம், வீட்டு லைனில் ஓடும் என்றார். நியாயமான ஆலோசனை. ஐயாயிரம் முன்பணம், திருப்பித் தர மாட்டோம் என்று ரசீதிலேயே எழுதியிருந்தார்கள். செய்து கொடுக்கப் பதினெட்டு நாள்.

இங்கேதான் வீட்டில் ஒரு சண்டை. உணவு பதப்படுத்தும் சிறு நிறுவனங்களுக்கான பிரதமரின் திட்டத்தில் அப்போது 35 சதவீதம் மானியம் இருந்தது, உச்சவரம்பு பத்து லட்சம். ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம். கடன் வாங்காமல் கைக்காசு போட்டு வாங்கினால் கிடைக்காது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 34,500-க்கு 12,075 ரூபாய். "ரெண்டு மாசம் பொறு, திட்ட அறிக்கை எழுதி, பேங்க்ல பேசி வாங்கலாம்." அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் பதினான்கு வீட்டுக்காரர்களிடம் இரண்டு மாதம் பொறுங்கள் என்று யார் சொல்வது? மோதிரத்தை அடகு வைத்தேன். 12,075 ரூபாயை விட்டதற்கு இன்னும் மனசு ஆறவில்லை என்பதும் உண்மைதான். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம், அப்படித் திட்டம் இப்போது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

அந்தப் பதினெட்டு நாளில், பதினோரு வருஷமாகச் செய்யாததெல்லாம் நடந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன். அப்போது வருஷ விற்பனை பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தால் வருஷத்துக்கு நூறு ரூபாய் கட்டும் அடிப்படைப் பதிவு போதும் என்று இருந்தது. ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து ஐநூறு கட்டினேன், பதினான்கு இலக்க எண் வந்தது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மையத்தில் 1,500 கேட்டார்கள். அது இலவசம். ஆதாரும் பானும் வைத்துக்கொண்டு மகனின் உதவியோடு போனிலேயே அரை மணி நேரத்தில் முடித்தேன். நோட்டில் இதற்கெல்லாம் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, "விசாரிக்க வேண்டும்" என்று எழுதிவைத்திருந்தேன். பெயரையும் அப்போதுதான் வைத்தேன். பதினேழில் எதுவும் இல்லை. "எதிர்வீட்டு மாவு" என்று தெருவில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அதையே ஸ்டிக்கரில் போட்டுவிட்டேன்.

மெஷின் சொன்ன தேதியில் வந்தது, அதற்கு ஒரு நல்ல மார்க். கல்லைப் பற்றி ஒரு விஷயம். புதுக் கல்லில் முதல் நாளே மாவு அரைக்கக் கூடாது. பழைய அரிசியைப் போட்டு அரைத்து, கொட்டி, கழுவி, மறுபடி அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நறநற என்று கல் தூள் வராத வரைக்கும். எனக்கு ஐந்து ஈடு ஆனது. இரண்டு தடவை போதும் என்று பட்டறையில் சொன்னதை நம்பியிருந்தால் பதினான்கு வீட்டுப் பல்லும் கூசியிருக்கும். மாமியார்தான் விடவில்லை.

அரைப்பதில் இது கெட்டிக்காரன். இந்த மெஷின் விலைக்குத் தகும் என்று சொல்வது உளுந்துக்காகத்தான். ஊறிய உளுந்தைப் போட்டு, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து முப்பத்தைந்து நிமிஷம் ஓடவிட்டால் வெண்ணெய் மாதிரி எழும்பி வருகிறது. மாமியாரின் பரிசோதனை ஒன்றுதான்: ஒரு துளி எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போடுவார். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஓடட்டும். பழைய டேபிள் டாப்பில் சூடேறி, மாவு சீக்கிரம் புளித்துப் போகும். இதில் குழவி பெரிசு, வேகம் குறைவு, தொட்டுப் பார்த்தால் மாவு குளுமையாகவே இருக்கிறது. அரிசிக்கு இருபத்தைந்து நிமிஷம், ரவைப் பதத்தில் நிறுத்திவிடுவேன்.

பத்து லிட்டர் என்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். உளுந்து பொங்கும் என்பதை மறந்து முதல் நாள் இரண்டு கிலோ போட்டேன், விளிம்பு தாண்டி வழிந்தது. காய்ந்த உளுந்து ஒன்றரைக் கிலோ, அரிசி நாலு கிலோ, இதுதான் ஒரு ஈட்டுக்கு அளவு. இப்போது நாளைக்குப் பன்னிரண்டு கிலோ அரிசியும் மூன்று கிலோ உளுந்தும் போடுகிறேன். உளுந்து இரண்டு ஈடு, அரிசி மூன்று ஈடு. நடுவில் கழுவுவது, வழிப்பது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். முப்பத்தாறு கிலோ மாவு கிடைக்கிறது. சத்தம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் படிப்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை.

இப்போது குறை. டிரம்மைச் சாய்க்கும் இடத்தில் ஒரு லாக் பின் இருக்கிறது. அரைக்கும்போது டிரம் நேராக நிற்க அதுதான் காவல். ஆறாவது நாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பின் நழுவி டிரம் சாய்ந்தது. ஒன்றரைக் கிலோ உளுந்து, நுரை பொங்கிய மாவு முழுவதும் பின்கட்டுத் தரையில். குழவி என் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், கம்பெனிக்குச் சொல்லவில்லை. போன் செய்தால் "ஆள் அனுப்புறோம்மா" என்றார்கள். போன் செய்து ஒன்பதாவது நாள்தான் ஆள் வந்தார். அதுவரை என்ன செய்வது? வாரண்டி அட்டையில் இதற்குப் பதில் இல்லை. வந்தவர் புதுப் பின் ஒன்று போட்டார், அதுவும் இரண்டு மாதத்தில் தேய்ந்தது. மற்றபடி ஒரு தடவை பெல்ட் தளர்ந்தது, உள்ளூர் மெக்கானிக் இருநூறு ரூபாயில் முடித்தார். பெல்ட் மாற்றப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் அளவு சொன்னால் தப்பாகத்தான் கொடுப்பார்கள். இன்னும் சில மாதத்தில் கல் கொத்த வேண்டியிருக்கும் என்கிறார் அதே மெக்கானிக்.

பண விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2024 விலையில் நாலு கிலோ இட்லி அரிசி 184 ரூபாய், ஒரு கிலோ உளுந்து 145, வெந்தயம் உப்பு 6, கவர் 30, கரண்ட் 12. ஆகமொத்தம் 377 ரூபாய்க்குப் பன்னிரண்டு கிலோ மாவு. கிலோ முப்பத்தொன்றரை விழுகிறது. வீட்டுக்கு நேராகக் கொடுத்தால் 45, மளிகைக் கடைக்குக் கொடுத்தால் 38. இருபது கிலோ வீடுகளுக்குப் போகிறது, பதினாறு கிலோ கடைகளுக்கு. திரும்பி வரும் பாக்கெட், பெட்ரோல் எல்லாம் கழித்தால் மாதம் எட்டாயிரம் பக்கம் நிற்கிறது. ஜவுளிக்கடையில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். என் நோட்டில் ஐயாயிரம் கிலோவுக்குப் போட்ட லாபக் கணக்கில் கவரும் இல்லை, கரண்டும் இல்லை, திரும்பி வரும் பாக்கெட்டும் இல்லை.

திரும்பி வரும் பாக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. மே மாதம், கத்திரி வெயிலில், முதன்முதலாக ஒரு மளிகைக் கடைக்குப் பத்து பாக்கெட் கொடுத்தேன். கவரை விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் போகாமல் சீல் வைத்துக் கொடுத்திருந்தேன், பெருமையாக. சாயங்காலம் கடைக்காரர் போன் செய்தார்: "அக்கா, உங்க மாவு பலூன் ஆயிடுச்சு." மாவு உள்ளே பொங்கிக் கவர் உப்பி, மூன்று வெடித்து, அவருடைய பிரிட்ஜில் இருந்த பால் பாக்கெட் மேலெல்லாம் வழிந்திருந்தது. நானே போய்த் துடைத்துக் கொடுத்தேன். இப்போது கவரில் கால்வாசி இடம் விட்டு, அரைத்த உடனேயே குளிர வைத்துக் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் வீட்டில் வெளியே வைத்துப் பொங்கவிட்டுக்கொள்கிறார்கள். ஸ்டிக்கரிலும் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, பதிவு எண்ணுக்குக் கீழே அதையும் அச்சடித்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் மறுபடி வாங்க ஆரம்பிக்க ஒன்றரை மாதம் ஆனது.

யார் வாங்கலாம்? தினம் பதினைந்து கிலோவுக்கு மேல், காசு கொடுத்து வாங்கும் ஆட்கள் கைவசம் இருந்தால் தாராளமாக. இன்னும் ஒரு பாக்கெட் விற்காதவர் என்றால் வேண்டாம். வீட்டுக் கிரைண்டரில் அரைத்து, தெரிந்த ஒருவரிடம் இந்த நாள், இந்த மணிக்குத் தருகிறேன் என்று சொல்லி, முன்னாடியே காசு வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தோடேயே வாங்குங்கள். இந்த மெஷினை முதலில் வாங்கினால் உற்சாகம் வரும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வராது. மோதிரம் மூழ்கிவிடுமோ என்ற பயம்தான் வரும்; ஆர்டர் இருந்தால் அந்தப் பயமும் வேலைக்கு உதவும், இல்லாவிட்டால் தூக்கம்தான் போகும். (மோதிரத்தை அக்டோபரில் மீட்டுவிட்டேன்.)

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உளுந்துக்கும், சொன்ன தேதியில் வந்ததற்கும், இருபது லிட்டர் தலையில் கட்டாத அந்தப் பெரியவருக்கும் சேர்த்து. ஒன்றைக் குறைத்தது ஒன்பது நாள் காத்திருந்ததற்கு, அரையைக் குறைத்தது லாக் பின்னுக்கு. அதன் இடத்தில் இப்போது மாமியாரின் பழைய வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் கம்பி ஒன்றை வெட்டிச் சொருகியிருக்கிறோம். அவரே பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது. போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட நழுவவில்லை.